காற்றடிக்கும் புல்வெளிக்கு எந்த ரைஃபிள்?

வாசகர் கடிதம்: அண்ணா, டல்லாஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், ஹெச்-1பி விசா. வரும் அக்டோபரில் அலுவலக நண்பர் ஒருவருடன் வயோமிங் மாநிலத்தில் ஜில்லெட் பக்கம் பிராங்ஹார்ன் என்ற புல்வெளி மான் வேட்டைக்குப் போகிறேன். இரண்டு பேருக்கும் குலுக்கலில் பெண்மான் அல்லது குட்டிக்கான அனுமதிச்சீட்டு விழுந்திருக்கிறது. டெக்சஸில் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து, டெக்சஸ் வேட்டை லைசென்ஸும் எடுத்து, நண்பருடைய ரைஃபிளால் ரேஞ்சில் சில தடவை சுட்டிருக்கிறேன். சொந்தத் துப்பாக்கி கிடையாது. கடையில் "அங்கே எல்லாம் 400, 500 கஜத்தில்தான் சுட வேண்டியிருக்கும், .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்குங்கள்" என்கிறார்கள். என்னிடம் இருப்பது 2000 டாலர். ரைஃபிள், ஸ்கோப், மற்ற சாமான் எல்லாம் இதற்குள் அடங்குமா? பெண் மானைச் சுடுவது சரியா என்று மனைவி கேட்கிறாள். இறைச்சியில் வாடை அடிக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள். விளக்கமாகப் பதில் எழுதுங்கள்.

பதில்:

அன்புள்ள தம்பி,

துப்பாக்கிக்கு முன்னால் விசா விஷயத்தைப் பார்த்துவிடுவோம். அதைச் சரிசெய்யாமல் நீங்கள் கடைக்குப் போகக் கூடாது.

ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய அரசின் சட்டம் அனுமதிப்பதில்லை. அதில் சில விலக்குகள் உண்டு. ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் வைத்திருக்கலாம் என்பது அவற்றில் ஒன்று. ரைஃபிள் வாங்கும்போது 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். அப்போது இந்த லைசென்ஸைக் காட்ட வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. உங்கள் டெக்சஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும். அதன் பிறகு கையில் செல்லுபடியாகும் லைசென்ஸ் எதுவும் இல்லையென்றால், அலமாரியில் பூட்டிக் கிடக்கும் ரைஃபிளே உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். ஆகவே புது லைசென்ஸ் ஆகஸ்ட் நடுவில் விற்பனைக்கு வந்ததுமே வாங்கிவிடுங்கள். ரைஃபிள் வீட்டில் இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும் விடாமல் வாங்குங்கள். மனைவி ஹெச்-4 விசாவில் இருந்தால் அவருக்கும் இதே சட்டம்தான். துப்பாக்கிப் பெட்டியின் சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும், தோட்டாக்களைத் தனியாகப் பூட்டி வையுங்கள். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடமும் ஒருமுறை பேசிவிடுங்கள். துப்பாக்கி வழக்கு ஒன்று வந்தால் விசாவுக்கே ஆபத்து. அரை மணி நேரப் பேச்சுக்கான கட்டணத்தைப் பார்க்காதீர்கள்.

சரி, இனி ரைஃபிளுக்கு வருவோம். உங்களுக்கு .300 மேக்னம் என்ற பெரிய தோட்டாவுக்கான ரைஃபிள் தேவையில்லை. அதை வாங்கினால் பயனைவிடக் கெடுதல்தான் அதிகம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பிராங்ஹார்ன் சின்ன உடம்புக்காரன். நன்றாக வளர்ந்த ஆண்கூட 50 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், பெண் அதைவிடக் குறைவு. முதுகிலிருந்து நெஞ்சின் அடிவரை அளந்தால் 14, 15 அங்குலம். அதற்குள் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் 8, 9 அங்குலம். இந்த உடம்பை வீழ்த்த பெரிய வேகமோ கனமான குண்டோ தேவையில்லை. 1955-இல் வந்த .243 வின்செஸ்டர் தோட்டா போதும், 1925-இலிருந்து இருக்கும் .270 வின்செஸ்டர் தாராளம். .25-06 ரெமிங்டன், 7 எம்.எம்.-08, 6.5 கிரீட்மோர் எல்லாமே சரிப்படும். நண்பரிடம் .308 இருந்து அதை இரவல் தருகிறார் என்றால் அதுவும் நல்லதுதான்.

அந்தச் சமவெளியில் தவறு நடப்பது காற்றால். ஜில்லெட் பக்கம் அக்டோபரில் மணிக்கு 20 மைல் காற்று சாதாரண விஷயம். 6.5 கிரீட்மோரில் 143 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டைப் போட்டு 200 கஜத்தில் சுடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று நேர் குறுக்காக அடித்தால் குண்டு ஏறத்தாழ 4 அல்லது 5 அங்குலம் விலகும். நெஞ்சின் நடுவில் குறிவைத்திருந்தால் ஓரத்திலாவது பட்டுவிடும். அதே காற்றில் 300 கஜம் என்றால் விலகல் 10 அங்குலத்தைத் தாண்டும். நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போகும், அல்லது மானைத் தொடாமலே போகும். வயிற்றில் அடிபட்ட மான் மைல் கணக்கில் ஓடி, மணிக்கணக்கில் துன்பப்பட்டுச் சாகும். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது கடைக்காரர் சொன்ன .300 மேக்னத்தை எடுத்துக்கொள்வோம். 180 கிரெய்ன் குண்டு, அதே காற்று, அதே 300 கஜம். விலகல் கிட்டத்தட்ட அதே 10 அங்குலம்தான். காற்றில் எந்த லாபமும் இல்லை. உதை மட்டும் 6.5 கிரீட்மோரைப்போல இரண்டு மடங்குக்கு மேல். புதிதாகச் சுடுகிறவரின் தோள் பத்து தோட்டாவுக்குள் வலியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். அதன்பின் விசையை இழுக்கும் நொடியில் கண் தானாக மூடும், கை தானாகத் தள்ளும். இந்தப் பயம் ஒருமுறை உடம்பில் ஏறினால் இறக்குவது கடினம். என் துப்பாக்கிப் பட்டறைக்கு "ஸ்கோப் கெட்டுப்போச்சு" என்று வருகிற மேக்னம் ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றில் ஸ்கோப் சரியாகவே இருக்கும். சுடுகிறவர் உதைக்குப் பயப்படுகிறார், அவ்வளவுதான்.

"400, 500 கஜம் சுட வேண்டியிருக்கும்" என்பதும் சரியல்ல. அந்த நிலம் மேசைபோலத் தட்டையாகத் தெரியுமே தவிர, நடந்து பார்த்தால் பள்ளமும் ஓடையும் மேடுமாக மடிந்து கிடக்கும். பொறுமையாக ஊர்ந்தால் 200 கஜத்துக்குள் போய்விடலாம், சில சமயம் 150-க்குள்ளும். முதல் வேட்டையில் உங்கள் எல்லை 200 கஜம். காற்றே இல்லாத காலை, படுத்த நிலை, மான் அசையாமல் நிற்கிறது என்றால் 250. அதற்கு மேல் வேண்டாம்.

ஆக, என் பரிந்துரை 6.5 கிரீட்மோர், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன், 22 அங்குலக் குழல். உதை குறைவு, எந்த ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும், நாளைக்கு வேறு மான் வேட்டைக்குப் போனாலும் கைகொடுக்கும். ருகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்ஸிஸ் போன்றவை 500, 600 டாலருக்குள் வரும். இன்னும் 200 டாலர் போட முடிந்தால் டிக்கா டி3எக்ஸ். அதன் போல்ட் ஓடும் விதமும் விசையின் சுத்தமும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் அந்த 200 டாலருக்காகத் தோட்டாவைக் குறைக்க வேண்டியிருந்தால் ருகரே போதும். இன்றைய மலிவு ரைஃபிள்கள் சுடும் துல்லியம் புதியவரின் கைக்குத் தேவையானதைவிட அதிகம். எடை குறைந்த 'மலை ரைஃபிள்' என்று விற்பதை வாங்காதீர்கள். காற்றில் அது கையில் ஆடும், உதையும் கூடும். ஸ்கோப்போடு சேர்த்து 8 பவுண்டு எடை உங்களுக்கு நல்லது.

வாங்குவதற்கு முன் கடையில் ஒரு காரியம் செய்யுங்கள். துப்பாக்கி காலியா என்று கடைக்காரரும் நீங்களும் பார்த்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து கன்னத்தைக் கட்டையில் (ரைஃபிளின் தோளில் பதியும் பின்பகுதி) வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிந்தால் அந்தக் கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறது. கழுத்தை நீட்டவோ தலையைத் தூக்கவோ வேண்டியிருந்தால் வேறு ஒன்றை எடுங்கள். அமெரிக்கச் சராசரி உயரத்துக்கு அடித்த கட்டை நம்மில் பலருக்கு நீளமாக இருக்கும். சில மாடல்களில் குட்டையான கட்டை தனியாகக் கிடைக்கிறது, கேளுங்கள்.

ஸ்கோப்புக்கு 3-9x40, அதாவது 3 முதல் 9 மடங்கு பெருக்கும் 40 மி.மீ. கண்ணாடி, போதும். 250 டாலரை ஒட்டி லியூபோல்டு, வோர்டெக்ஸ் போன்ற கம்பெனிகளின் நம்பகமான மாடல்கள் கிடைக்கும். 25 மடங்கு பெருக்கும் ஸ்கோப்பைக் காட்டி ஆசை காட்டுவார்கள், வாங்காதீர்கள். பெருக்கம் கூடக் கூடப் பார்வை வட்டம் சுருங்கும். பத்து மான் நிற்கிற மந்தையில் எந்த மானைப் பார்த்தோம் என்பதே மறந்துபோகும். நடக்கும்போது 3, 4 மடங்கில் வைத்திருங்கள். படுத்துச் சுடும்போது கூட்டிக்கொள்ளலாம். ஸ்கோப்பை மாட்டும் வேலையை நல்ல பட்டறையில் கொடுங்கள். இல்லையென்றால் முடுக்கும் அழுத்தத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். தளர்ந்த திருகு ஒன்று போதும், ஆயிரம் மைல் ஓட்டிப் போன பயணம் வீணாகிவிடும்.

தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கட்டாயம் வேண்டும். அந்த ஊர்க் காற்று சுத்தமானது, மரமோ வீடோ இல்லாத வெளி, மானோ சின்னது. கண்ணால் தூரம் கணிப்பவர் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 200 டாலருக்கு வருவதே போதும். பைனாகுலர் 10x42, அதற்கு 250. ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற பெரிய தொலைநோக்கி வேண்டாம். அது ஆண் மானின் கொம்பை அளந்து பார்ப்பவர்களுக்கு, உங்களிடம் இருப்பது பெண்மான் சீட்டு. ஆனால் ஒன்றை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள்: பெண்ணுக்கும் சில சமயம் குட்டையான கொம்பு இருக்கும். ஆணுக்குத் தாடைக்குப் பின்னால் கறுப்புப் பட்டை இருக்கும், கொம்பு காதைவிட நீளமாக, முன்னால் ஒரு கிளையோடு நிற்கும். விசையில் விரல் வைக்கும் முன் அந்தக் கறுப்புப் பட்டை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பணத்தில் பெரிய பங்கு தோட்டாவுக்குப் போகட்டும். ஒரே கம்பெனி, ஒரே குண்டு, முடிந்தால் ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) ஆறு பெட்டி வாங்குங்கள். 20 தோட்டாப் பெட்டி 40 டாலரை ஒட்டி வரும். ரேஞ்சில் ஒரு வகை, காட்டில் வேறு வகை என்று மாற்றினால் குண்டு விழும் இடமும் மாறும். மானுக்கானது என்று பெட்டியில் போட்டிருக்கும், விரிகிற குண்டாக இருக்க வேண்டும். ஈயம் வேண்டாம் என்று நினைத்தால் முழுச் செம்புக் குண்டு கிடைக்கிறது. வீட்டில் குழந்தைகள் சாப்பிடும் இறைச்சி என்பதால் நான் அதைத்தான் விரும்புகிறேன். விலை கொஞ்சம் கூடும்.

இதையெல்லாம் கூட்டினால் 1700 டாலருக்குள் வந்துவிடும். மிச்சத்தில் சுடும் கவைக்குச்சிகள், கத்தி, இறைச்சிக்கான துணிப் பைகள், பெரிய கூலர்.

இனிச் சொல்லப்போவது மேலே சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியம். அக்டோபருக்குள் உங்கள் கை பழக வேண்டும்.

முதலில் 100 கஜத்தில், மேசையில் மணல் மூட்டை மேல் ரைஃபிளை வைத்து, குண்டு புள்ளிக்கு ஒன்றே முக்கால் அங்குலம் மேலே விழும்படி ஸ்கோப்பைத் திருத்துங்கள். பிறகு 200 கஜத்தில் சுட்டுப் பாருங்கள், நேராகப் புள்ளியில் விழ வேண்டும். அப்படி வைத்துவிட்டால் 250 கஜம் வரைக்கும் குறியை மேலே தூக்க வேண்டிய அவசியமே இல்லை, அங்கே 3 அங்குலம்தான் இறங்கும். இது முடிந்ததும் மேசையை மறந்துவிடுங்கள். புல்வெளியில் மேசை கிடையாது.

9 அங்குலக் காகிதத் தட்டு ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் மானின் நெஞ்சு. முதுகுப் பையைத் தரையில் போட்டு, அதன் மேல் ரைஃபிளை வைத்து, படுத்துச் சுடுங்கள். பின்கட்டைக்கு அடியில் இடது கையை மடக்கி முஷ்டியாக வையுங்கள். முஷ்டியை இறுக்கினால் குழல் இறங்கும், தளர்த்தினால் ஏறும். இந்தச் சின்னக் கைவேலை தெரிந்தவரின் குறுக்குக்கோடு குறியின் மேல் ஒட்டி நிற்கும், தெரியாதவருக்கு அது ஆடிக்கொண்டே இருக்கும். பிறகு உட்கார்ந்து, கவைக்குச்சியின் மேல் வைத்துச் சுடுங்கள். சேஜ் புதர் முழங்கால் உயரம் இருக்கும் இடத்தில் படுத்தால் எதுவும் தெரியாது, அப்போது இந்த நிலைதான் உதவும். நின்றுகொண்டு சுடுவதைப் பழகவே வேண்டாம். ரேஞ்சில் விதி அனுமதித்தால், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வேகமாக நடந்து வந்து மூச்சு வாங்கும்போதே ஒன்று சுடுங்கள். மானைப் பார்த்ததும் நெஞ்சு அப்படித்தான் அடிக்கும். எந்தத் தூரத்தில், எந்த நிலையில் ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழுகிறதோ அதுதான் உங்கள் தூரம். நான்கு விழுந்து ஒன்று வெளியே போனால், அந்தத் தூரம் இன்னும் உங்களுக்குச் சொந்தமாகவில்லை. கடைக்காரரும் நண்பரும் நானும் என்ன சொன்னாலும் சரி.

ரேஞ்சுக்குப் போக முடியாத நாளில் வீட்டிலேயே காலித் துப்பாக்கியால் பழகலாம். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையை இரண்டு தடவை பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள், பிறகு பாதுகாப்பான சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து விசையை மெதுவாக அழுத்துங்கள். 'டிக்' என்ற சத்தம் வரும்போது குறுக்குக்கோடு அசையக் கூடாது. தினமும் பத்து நிமிஷம் செய்தால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

உடை விஷயத்தில் அதிகம் செலவழிக்காதீர்கள். சட்டப்படி வெளியே தெரிகிற உடையில் ஒன்றாவது பளபளக்கும் ஆரஞ்சாகவோ பளபளக்கும் பிங்காகவோ இருக்க வேண்டும். தொப்பி ஒன்று போதும் என்றாலும் மேல்சட்டையும் ஆரஞ்சாக இருக்கட்டும். உருமறைப்பு உடைக்கு அவசியமில்லை. பிராங்ஹார்னின் கண் அபாரம். அது நிறத்தைவிட அசைவைத்தான் முதலில் பிடிக்கும். பணத்தை முழங்கால் பட்டைக்கும் தடித்த தோல் கையுறைக்கும் போடுங்கள். அந்தப் புல்வெளியெங்கும் சப்பாத்திக்கள்ளி. நம் ஊரில் வேலியில் ஆளுயரம் நிற்கிற மாதிரி இல்லை. தரையோடு தரையாக, புல்லுக்குள் மறைந்து கிடக்கும். ஊர்ந்து போகும்போது முழங்கையில் ஏறும் முள்ளை எடுக்க ஒரு இடுக்கி பையில் இருக்கட்டும். வெயில் ஏறிய நாளில் கிலுகிலுப்பைப் பாம்பும் நடமாடும். கை வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள்.

நிலத்தைப் பற்றி நண்பரிடம் இப்போதே பேசுங்கள். ஜில்லெட்டைச் சுற்றி நிறைய இடம் தனியார் பண்ணைதான். தெற்கே தண்டர் பேசின் தேசியப் புல்வெளி போன்ற பொது நிலமும் உண்டு, ஆனால் இரண்டும் பின்னிப் பிணைந்து கிடக்கும், பல இடங்களில் வேலியே இருக்காது. உங்கள் சீட்டில் எந்த வேட்டைப் பகுதி, பொது நிலத்தில் செல்லுமா, தனியார் நிலத்தில் மட்டுமா என்று வரி விடாமல் படியுங்கள். நில எல்லை காட்டும் செயலியில் அந்தப் பகுதியின் வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள், அங்கே சிக்னல் இருக்காது. பண்ணையில் சுட அனுமதி வேண்டுமானால் ஆகஸ்டிலேயே கூப்பிட்டு மரியாதையாகக் கேளுங்கள். பெண்மான் வேட்டைக்கு 'சரி' சொல்கிற பண்ணைக்காரர்கள் உண்டு. இன்னொன்று: மழை பெய்தால் மண்சாலைகளில் வண்டியை இறக்காதீர்கள். அந்தக் களிமண் டயரில் அப்பிக்கொண்டால் நான்கு சக்கர இழுவை வண்டியும் நகராது. காய்கிற வரைக்கும் காத்திருங்கள்.

போனதும், வேட்டைக்கு முந்தின நாள், பாதுகாப்பான இடத்தில் மூன்று தோட்டா சுட்டு ஜீரோ (நீங்கள் திருத்தி வைத்த ஸ்கோப் குறி) மாறவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் குலுக்கல் ஸ்கோப்புக்கு எதிரி.

மான் கண்ணில் படுவது சுலபம். ஒரு மேட்டில் உட்கார்ந்து பைனாகுலரில் மெதுவாகத் துழாவினால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். உங்களைப் பார்த்துவிட்டால் பின்பக்க வெள்ளை மயிர் முழுவதையும் சிலிர்த்து விரித்து மற்றவற்றுக்கு எச்சரிக்கை கொடுக்கும், பிறகு ஓட்டம்தான். மணிக்கு 55 மைல் வேகத்தில் ஓடக்கூடிய பிராணி. ஓடும் மானைச் சுடாதீர்கள், ஒருபோதும். விட்டுவிடுங்கள், வேறு மந்தை இருக்கும். பார்க்காத மந்தை என்றால் காற்று எதிரே வரும் திசையாகப் பார்த்து, பள்ளத்துக்குள் இறங்கி, சுற்றிப் போங்கள். கடைசி நூறு கஜம் வயிற்றால் ஊர வேண்டியிருக்கும்.

அங்கே பையைப் போட்டுப் படுத்த பிறகு அவசரம் வேண்டாம். தூரத்தை அளங்கள். மானுக்குப் பக்கத்தில் புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள், உங்கள் காதோரத்தில் அடிக்கும் காற்றும் அங்கே அடிக்கும் காற்றும் வேறாக இருக்கலாம். மான் முழுப் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள். அதன் பின்னால் இன்னொரு மான் நிற்கிறதா? நின்றால் சுடக் கூடாது. இந்தச் சின்ன உடம்பைக் குண்டு துளைத்து மறுபக்கம் போகும், பின்னால் நிற்பதும் காயப்படும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. தலைக்கோ கழுத்துக்கோ ஆசைப்படாதீர்கள். சுட்டதும் எழுந்து நிற்காமல் போல்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப்பிலேயே பாருங்கள். அது இன்னும் நின்றால் மறுபடி சுடத் தயாராக இருக்க வேண்டும்.

விழுந்த இடத்தை விட்டு நகரும் முன் அனுமதிச்சீட்டின் கூப்பனைப் பிரித்துத் தேதி குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். பாலினத்துக்கான சான்றை உடம்போடு எப்படி விட்டுவைக்க வேண்டும் என்பது மாநிலத்தின் ஒழுங்குமுறைக் கையேட்டில் இருக்கிறது. அதை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள்.

உங்கள் மனைவியின் கேள்வி நல்ல கேள்வி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இனம் மிகக் குறைந்த எண்ணிக்கைக்குச் சுருங்கிவிட்டது. கட்டுப்பாடில்லாமல் சுட்டதும், புல்வெளி வேலிகளாகத் துண்டானதும் காரணம். இது வேலியைத் தாண்டிக் குதிக்காது, அடியில் நுழைந்துதான் போகும். இன்று பல லட்சமாக மீண்டிருக்கிறது, மிக அதிகம் வயோமிங்கில். பெண்மான் சீட்டு எத்தனை என்பதை ஒவ்வொரு பகுதிக்கும் மாநில வனவிலங்குத் துறையின் உயிரியலாளர்கள் முடிவு செய்கிறார்கள். 2022-23 குளிர்காலம் கொடுமையாக இருந்து மந்தைகள் அழிந்தபோது சீட்டுகளைப் பெருமளவு குறைத்தார்கள். மே, ஜூனில் பிறந்த குட்டிகள் அக்டோபருக்குள் பால் மறந்து தானாக மேயத் தொடங்கியிருக்கும். நீங்கள் வாங்கும் ரைஃபிளிலும் தோட்டாவிலும் 11 சதவீதம் தனி வரி, 1937-இல் வந்த சட்டப்படி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. இதை எல்லாம் அவரிடம் சொல்லுங்கள். அப்புறமும் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அதையும் மதியுங்கள்.

இறைச்சி வாடைக்குச் சேஜ் புதரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் சூடு. அக்டோபர் தொடக்கத்தில் அங்கே மதியம் 25 டிகிரிகூடப் போகும். பிராங்ஹார்னின் மயிர் ஒவ்வொன்றும் உள்ளே கூடானது, கம்பளிபோலச் சூட்டைப் பிடித்து வைக்கும். விழுந்த மானை வண்டியில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டினால் எந்த இறைச்சியும் கெட்டுத்தான் போகும். போட்டோ எடுப்பதைச் சுருக்கி, உடனே குடலை எடுத்து, அரை மணி நேரத்துக்குள் தோலை உரித்து நிழலில் காற்றாட விடுங்கள். மயிர் கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். அது இறைச்சியில் ஒட்டாமல், தோலைத் தொட்ட கையால் இறைச்சியைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேராகச் செய்யுங்கள், ஒருவர் தோலைப் பிடிக்க, மற்றவர் கத்தியைப் பிடிக்க. பிறகு துணிப் பையில் கட்டிக் கூலரில் ஐஸ் மேல் வையுங்கள். கூலரின் அடியிலுள்ள அடைப்பானைத் திறந்துவிடுங்கள், இறைச்சி தண்ணீரில் ஊறக் கூடாது. விமானத்தைவிட வண்டியில் போவதே நல்லது என்று நான் நினைப்பதற்கு இந்தக் கூலர்தான் முதல் காரணம். ஒரு பெண்மானில் எலும்பு நீக்கி 15 கிலோவை ஒட்டி இறைச்சி தேறும். கொழுப்பே இல்லாத இறைச்சி. முதுகுத்தசையைக் குக்கரில் போட்டு வீணாக்காதீர்கள். சின்னத் துண்டாக வெட்டி, நல்லெண்ணெயில் மிளகும் பூண்டும் கறிவேப்பிலையும் போட்டு, பெரிய தீயில் சில நிமிஷம் வறுத்தெடுங்கள். தொடைக்கறியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாடை இருக்கிறதா இல்லையா என்று உங்கள் மனைவியே சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டும். அதை எனக்கும் எழுதுங்கள்.